ஏணியும் இரண்டு மணி சிக்னலும்

அலுவலக ஆவணங்களில் அவளுடைய பதவி ‘கள ஒருங்கிணைப்பு உதவியாளர், நிலை இரண்டு’. உள்ளபடி சொன்னால், செல்போன் டவரில் ஏறுகிறவள். பத்தொன்பது வருடமாக ஏறிக்கொண்டிருந்தாள். சேர்ந்த முதல் வாரமே யாரோ ‘ஏணி’ என்று கூப்பிட்டு வைக்க, அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பல் ஆஸ்பத்திரியில் அச்செடுத்துப் பொய்ப்பல் செய்கிற அவள் கணவர்கூட, கோபம் வந்தால் ‘ஏணி’ என்பார். காரியம் ஆகவேண்டும் என்றால் ‘ஏணிம்மா’ என்பார்.

வயது நாற்பத்து நான்கு. அலுவலகத்தின் மூன்று மாடி ஏறுவதற்குள் முட்டி இரண்டும் கடகடவென்று முறையிடும். நூற்றிருபது அடி டவரில் ஏறும்போது மட்டும் வாயைத் திறக்காது. கீழே இருப்பவர்களின் பேச்சு கேட்காத உயரத்துக்குப் போனால் உடம்பு தானாகக் குணமாகிவிடுகிறது என்பது அவளுடைய வைத்தியம்.

அவளுக்கு மேலே மண்டல மேலாளர் ஒருவர் இருந்தார். பார்த்தவுடன் “என்ன அப்டேட்?” என்று கேட்பதால் அவருக்கு ‘அப்டேட் சார்’ என்று பெயர். டவர் பக்கம் வந்ததே இல்லை. ஒரே ஒருமுறை புகைப்படத்துக்காக வந்து, முதல் படியில் கால் வைத்து, தலைக்கவசத்தைப் பின்பக்கம் முன்னாக மாட்டிக்கொண்டு சிரித்தார். அந்தப் படம் ஆண்டறிக்கையின் அட்டையில் வந்தது.

அந்த வருடம்தான் ‘திறந்த நெட்வொர்க்’ வந்தது. அதற்கு முன்பெல்லாம் ஒரு டவரில் இருப்பது அத்தனையும் ஒரே நிறுவனத்துடையதாக இருக்கும். ஆன்டெனாவும் அவனுடையது, கீழே இருக்கிற பெட்டியும் அவனுடையது, திருகும் அவனுடையது. ஒரு திருகு தேய்ந்தாலும் அவனேதான் அனுப்பவேண்டும். ஏணி ஒருமுறை விரல் மோதிரம் அளவிலான ரப்பர் வளையம் ஒன்றுக்காக எழுபது நாள் காத்திருந்திருக்கிறாள். இனி அந்தக் கஷ்டம் இல்லை, ரேடியோவை ஒருவரிடம் வாங்கலாம், பெட்டியை இன்னொருவரிடம், மென்பொருளை மூன்றாமவரிடம், ஒருவர் சரியில்லை என்றால் அவரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். கேட்டு உண்மையிலேயே மகிழ்ந்த ஒரே ஊழியர் ஏணிதான். மற்றவர்கள் மகிழும்படி மின்னஞ்சல் வந்திருந்ததால் மகிழ்ந்தார்கள்.

முதல் சோதனைக்குச் சரிவுக் காலனியைத் தேர்ந்தெடுத்தார்கள். வீடு வீடாக ஒயர் இழுக்கும் காலம் முடிந்தது, இனி இன்டர்நெட் காற்றிலேயே வரும் என்று சொல்லி, ஜன்னலோரம் வைக்க ஆளுக்கொரு வெள்ளைப் பெட்டி கொடுத்தார்கள். காலனியின் நடுவே மூன்று மாடி வீடு ஒன்று. அதன் மொட்டை மாடியில் கம்பம் நட்டு, அடியில் டவர் பெட்டியை வைத்தார்கள். நான்கு நிறுவனங்கள் வந்து கூடின. ரேடியோ கொடுத்தவர், பெட்டி கொடுத்தவர், மென்பொருள் கொடுத்தவர், இந்த மூவரையும் சேர்த்துவைப்பதற்காகவே சம்பளம் வாங்கும் இணைப்புக்காரர். ரிப்பன் வெட்டிய அன்று ஒரு படம் தரவிறக்க எட்டு விநாடி ஆயிற்று. எல்லோரும் கை தட்டினார்கள். நான்கு பேரும் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டார்கள். அவர்கள் ஒருவரை ஒருவர் தொட்டது அன்றுதான் கடைசி.

மூன்றாம் வாரம் தொடங்கியது வினை. பகல் சரியாக இரண்டு மணிக்கு காலனி முழுக்க சிக்னல் செத்துப்போகும். இருபது, இருபத்தைந்து நிமிடம் கழித்துத் தானாக உயிர் வரும். அந்த இருபது நிமிடத்தில் ரொட்டிக் கடையின் கார்டு இயந்திரம் கல்லாகிவிடும். வேலைக்கான நேர்காணலில் இருந்த ஒரு பெண் வாயைப் பாதி திறந்தபடி திரையில் உறைந்துபோய், அந்தக் கோலத்திலேயே நிராகரிக்கப்பட்டாள். வீட்டிலிருந்தே மருத்துவரிடம் பேசிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவருக்கு ‘அந்த மாத்திரையை மட்டும்’ என்பதுவரை கேட்டது; சாப்பிடவேண்டுமா நிறுத்தவேண்டுமா என்பது கேட்கவில்லை.

எல்லோரையும்விட அதிகம் புகார் செய்தது கம்பம் நின்ற அந்த வீட்டின் சொந்தக்காரி. மாடிவீட்டக்கா என்று காலனியில் சொல்வார்கள். இரண்டு லாட்ஜுகளின் படுக்கை விரிப்புகளை வெளுத்துக் கொடுப்பது அவர் தொழில். வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு பகல் இரண்டு மணிக்குத்தான் வேலையில் இடைவேளை.

“டவரு என் தலை மேல நிக்குது. எனக்கே சிக்னல் இல்லன்னா இது எந்த ஊர் நியாயம்?” என்று தினமும் இரண்டரைக்குப் போன் செய்து கேட்பார். இரண்டரைக்கு சிக்னல் வந்துவிடும் என்பதால் புகார் மட்டும் தங்குதடையில்லாமல் போய்ச் சேரும்.

அப்டேட் சார் உடனே நடவடிக்கை எடுத்தார். அதாவது மீட்டிங் போட்டார். தினமும் ஒன்றே முக்காலுக்கு நான்கு நிறுவனத்தாரும் திரையில் வருவார்கள். இரண்டு மணிக்கு வரைபடத்தில் கோடு தடாலென்று விழுவதை எல்லோரும் சேர்ந்து பார்ப்பார்கள். விழுந்ததும் ஒருமுறை உச்சுக்கொட்டுவார்கள். பிறகு பேசுவார்கள்.

“எங்க ரேடியோ பச்சை காட்டுது,” என்பார் ரேடியோக்காரர்.

“எங்க பெட்டியும் பச்சைதான்,” என்பார் பெட்டிக்காரர்.

“சாஃப்ட்வேர்ல ஒரு எர்ரர்கூட இல்ல. சொல்லப்போனா இவ்வளவு சுத்தமா நான் எங்கயும் பார்த்ததில்ல,” என்பார் மென்பொருள்காரர்.

“அப்போ எல்லாமே நல்லா இருக்கு, நெட்வொர்க் மட்டும் இல்ல. அப்படித்தானே?” என்று கேட்டு இணைப்புக்காரர் அதை எழுதிக்கொள்வார்.

ஆறு வாரம் இப்படி ஓடியது. ஞாயிற்றுக்கிழமைகளில் கோளாறு வருவதில்லை என்று யாரோ கண்டுபிடித்தார்கள். ஆகவே வேலைநாளின் நெரிசல்தான் காரணம் என்றார் ரேடியோக்காரர். மழை நாளிலும் வருவதில்லை என்று தெரிந்தது. ஆகவே வெயில் என்றார் பெட்டிக்காரர். மழை பெய்த ஞாயிற்றுக்கிழமை ஒன்றை வைத்து இரண்டு தரப்பும் ஒரு மணி நேரம் சண்டை போட்டன. கடைசியில் அறுபத்து நான்கு பக்க அறிக்கை வந்தது. ‘வளிமண்டலச் சூழல் சார்ந்த, வாரநாட்களில் தோன்றும் தன்மையுடைய நிகழ்வு’ என்று அதில் இருந்தது. வளிமண்டலம் ஞாயிற்றுக்கிழமை விடுப்பு எடுக்குமா என்று ஏணிக்குக் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. அவளுடைய மைக்கை யாரோ எப்போதும் அடைத்தே வைத்திருந்தார்கள்.

ஒருநாள் மீட்டிங்குக்கு முன்னால் அப்டேட் சாரின் அறைக்கே போனாள்.

“சார், ரெண்டு மணிக்கு நான் அந்த மொட்டை மாடியில நின்னு பார்க்கட்டுமா?”

அவர் அதிர்ந்துவிட்டார். “நீங்க அங்க போயிட்டா மீட்டிங்ல களத்தோட பிரதிநிதி யாரு?”

“களத்துக்குத்தானே சார் போறேன்.”

“அதான் பிரச்சினையே. களத்துக்குப் போயிட்டா களத்தைப் பத்தி யாரு பேசறது?”

“நான் ஆறு வாரமா ஒரு வார்த்தை பேசல சார்.”

“பேசாட்டியும் இருக்கணும்மா. பட்டியல்ல உங்க பேர் இருக்கு.”

இதுவரை அவள் அந்த மாடிக்குப் போனதெல்லாம் காலையில்தான். பிற்பகலில் காற்று பலமாகும் என்று, டவரில் ஏறும் அனுமதியைக் காலை பத்து மணியோடு முடித்துவிடுவார்கள். ஏறுவாள், ஒவ்வொரு இணைப்பாக முறுக்கிப் பார்ப்பாள், எல்லாம் சரியாக இருக்கும், இறங்கிவிடுவாள். மாடியின் மூலையில் பெரிய அலுமினிய அண்டாவில் விரிப்புகள் வெந்நீரில் ஊறி ஆவி விட்டுக்கொண்டிருக்கும்.

மறுநாள் ஒன்றே முக்காலுக்கு அப்டேட் சாருக்கு அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது: ‘சிக்னல் இல்லை. மீட்டிங்கில் சேர முடியவில்லை.’ சிக்னல் விற்கிற நிறுவனத்தில் இந்த ஒரு சாக்கை மட்டும் யாரும் சந்தேகிப்பதில்லை. செய்தியை அவள் மாடிவீட்டக்காவின் மூன்றாம் மாடிப் படியிலிருந்து அனுப்பினாள்.

மொட்டை மாடியில் எட்டு கொடிகளில் வெள்ளை விரிப்புகள் படபடத்துக்கொண்டிருந்தன. போனில் நான்கு கோடு. ஏணி தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து கம்பத்தையே பார்த்தாள். இரண்டு மணி. நான்கு கோடும் ஒன்றாக அணைந்தன. கம்பம் ஆடவில்லை. பெட்டியின் விளக்குகள் பச்சையாகத்தான் எரிந்தன. அந்த மட்டில் நான்கு பேரும் பொய் சொல்லவில்லை. கீழே தெருவில் ரொட்டிக் கடைக்காரர் யாரையோ திட்டுவது கேட்டது.

எழுந்து பெட்டியைச் சுற்றி வந்தாள். பெட்டியிலிருந்து ஒரு மெல்லிய கறுப்பு ஒயர் தரையோடு போகும். அதன் முனையில் முழங்கால் உயரக் குழாய் ஒன்று. குழாயின் தலையில் வெள்ளைக் காளான் மாதிரி ஒரு சின்ன ஆன்டெனா. வானத்தில் சுற்றும் செயற்கைக்கோளிடமிருந்து மணி கேட்டுச் சொல்வது அதன் வேலை. நெட்வொர்க்கில் எல்லோரும் ஒரே நொடியில் பேசினால்தான் பேச்சு புரியும். அந்தக் காளான்தான் எல்லோருக்கும் கடிகாரம். ஏணி ஒயரைத் தொடர்ந்து போனாள். ஒயர் இருந்தது. குழாயின் அடி இருந்தது. காளானைக் காணவில்லை. அதன் இடத்தில் கவிழ்த்துப் போட்ட அலுமினிய அண்டா ஒன்று வெயிலில் பளபளவென்று மின்னிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் மாடிவீட்டக்கா போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, வாயில் வந்ததையெல்லாம் சொல்லியபடி படியேறி வந்தார். காய்ந்த விரிப்புகளை உருவித் தோளில் போட்டார். மடித்து வைக்க அண்டாவை எடுக்கக் குனிந்தார்.

“அக்கா! தொடாதீங்க!” என்று ஏணி கத்தினாள். உடனே, “இல்ல, தூக்குங்க! தூக்குங்க!” என்றாள்.

“என்னம்மா நீ? தொடாதேங்கற, தூக்குங்கற.”

“தினமும் இதை இங்கதான் கவுப்பீங்களா?”

“பின்ன? தண்ணி வடிய வேணாமா? உங்க ஆளுங்க நல்ல மனசுக்காரங்க. அண்டா கவுக்கத் தோதா ஒரு குழாய் நட்டு, கீறல் விழாம இருக்க மேல குமிழும் வெச்சுக் குடுத்திருக்காங்க.”

“எத்தனை மணிக்குக் கவுப்பீங்க?”

“பன்னெண்டு. துவைச்சு முடிச்சதும்.”

ஏணி மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். வானத்திலிருந்து மணி கிடைக்காவிட்டால், பெட்டி தன் சொந்தக் கடிகாரத்தை நம்பி இரண்டு மணி நேரம் தாக்குப்பிடிக்கும். பிறகு, தப்பான நேரத்தில் பேசி அண்டை டவரைக் குழப்புவதைவிடச் சும்மா இருப்போம் என்று வாயை மூடிக்கொள்ளும். அலுவலகத்தில் யாருக்கும் இல்லாத மரியாதை. ஞாயிறன்று லாட்ஜ் துணி வராது. மழை நாளில் துவைப்பதில்லை. வளிமண்டலம் பாவம், அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை.

அக்கா அண்டாவைத் தூக்கிய ஏழாவது நிமிடம் அவர் போன் அடித்தது. மகள். “இடைவேளை முடியப்போகுதும்மா, எங்க போயிட்ட?” என்றது குரல். அக்கா விரிப்புகள் நடுவே உட்கார்ந்து பேசினார். ஏணி மறுபக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒருமுறை நடந்ததைத் தற்செயல் என்று சொல்லிவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். மூன்று நாள் அண்டாவை வேறு இடத்தில் கவிழ்க்கச் சொன்னாள், சிக்னல் போகவில்லை. நான்காம் நாள் பழையபடி கவிழ்க்கச் சொன்னாள். இரண்டு மணிக்குப் போயிற்று. ஐந்தாம் நாள் மீட்டிங்கில் மைக்கைத் தானே திறந்து விஷயத்தைச் சொன்னாள்.

“காளான் எங்க பட்டியல்ல இல்ல. அது நாங்க இலவசமா குடுத்தது,” என்றார் பெட்டிக்காரர்.

“அண்டா எந்தக் கம்பெனி?” என்றார் ரேடியோக்காரர்.

“எந்தக் கம்பெனியா இருந்தாலும் எங்க சாஃப்ட்வேர் அதுக்குப் பொருந்தாது,” என்றார் மென்பொருள்காரர்.

இணைப்புக்காரர் நன்றாக யோசித்து, “அப்போ அந்த அம்மாவை ஐந்தாவது தரப்பா சேர்த்து ஒரு ஒப்பந்தம் போடணும்,” என்றார்.

காளானை மாடித் தரையிலிருந்து எடுத்துக் கம்பத்தின் உச்சியில் மாட்டினால் தீர்ந்தது என்றாள் ஏணி. அதற்கு அந்தக் காளானின் உரிமையாளர் கையெழுத்துப் போடவேண்டும் என்றார்கள். உரிமையாளர் யார் என்று தெரியவில்லை. அப்டேட் சார் கோளாறுப் படிவத்தைத் திறந்தார். காரணம் என்ற இடத்தில் ரேடியோ, பெட்டி, மென்பொருள், வானிலை, கலவரம் என்று ஐந்துதான் இருந்தன. அவர் கலவரத்தின்மேல் விரலைக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, வானிலையைத் தேர்ந்தெடுத்தார்.

அடுத்த மாதம் கம்பியில்லா இன்டர்நெட்டின் எதிர்காலம் பற்றி நிறுவனம் பெரிய மாநாடு நடத்தியது. சரிவுக் காலனி வெற்றிக்கதையாம். களத்திலிருந்து ஒருவர் மூன்று நிமிடம் பேசவேண்டுமாம். ஏணியிடம் அச்சடித்த தாளைக் கொடுத்தார்கள். ‘செயற்கை நுண்ணறிவு கோளாறை முன்கூட்டியே உணர்ந்து எங்களை வழிநடத்தியது’ என்று தொடங்கியது அது. அவள் முந்தின நாளே கணவரிடம் படித்துக் காட்டினாள்.

“இதுல நீ எங்க இருக்க?” என்றார் அவர்.

“‘எங்களை’ன்னு இருக்குல்ல, அதுல ஒரு ஓரமா இருக்கேன்.”

“அப்போ நடந்ததைச் சொல்லிட்டு வா. என்ன பண்ணிடுவாங்க? டவர்லேருந்து இறக்கிடுவாங்களா?”

மேடையில் அவளுக்கு முன்னால் தலைமை அதிகாரி பேசினார். இன்னும் பத்து வருடத்தில் நெட்வொர்க் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும், தன்னைத்தானே குணப்படுத்திக்கொள்ளும், மனிதக் கையே படாது என்றார். அவர் சட்டையில் குத்தியிருந்த மைக் இருமுறை கழன்று விழ, ஒரு மனிதர் இருமுறையும் ஓடிவந்து மாட்டிவிட்டார்.

ஏணி தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். “அண்டாவாலதான் போச்சு,” என்று ஆரம்பித்தாள். விரிப்பு, வெந்நீர், காளான், ஆறு வார மீட்டிங், வளிமண்டலம் எல்லாவற்றையும் இருந்தபடி சொன்னாள். முதல் வரிசையில் நான்கு நிறுவனத்தாரும் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூட்டம் முதலில் சிரித்தது. பிறகு சிரிப்பு நின்று எல்லோரும் ஆழமாகத் தலையாட்டத் தொடங்கினார்கள். தலைமை அதிகாரி எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் ஈரம்.

“எவ்வளவு பெரிய உண்மை! நம்ம ஒவ்வொருத்தர் மனசுக்குள்ளயும் ஒரு அண்டா கவுந்து கிடக்குது!”

“இல்ல சார், நிஜமாவே அண்டாதான். அலுமினியம். இவ்வளவு பெருசு,” என்று ஏணி இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது.

ஒரு வாரத்தில் அலுவலகச் சுவர்களில் சுவரொட்டி வந்தது: ‘உங்கள் அண்டா எது?’ கழிப்பறைக் கதவிலும் ஒட்டினார்கள். மேலாளர்களுக்கு அண்டா அகற்றும் பயிற்சி இரண்டு நாள் நடந்தது. அப்டேட் சார் தன்னுடைய அண்டா பணிவு என்று கண்டுபிடித்து, அதை அகற்றிவிட்டதாக அறிவித்தார். மாடிவீட்டக்கா கேள்விப்பட்டு, “என் பாத்திரத்தை வெச்சுப் பொழப்பு நடத்தறாங்க, என்னை ஒரு வார்த்தை கேட்டாங்களா?” என்று கொதித்தார். காளான் மட்டும் அதே இடத்தில் இருந்தது; அக்கா கைமறதியாக அண்டாவை அதன்மேல் கவிழ்த்த நாளெல்லாம் இரண்டு மணிக்கு சிக்னலும் போயிற்று. அதை மாற்ற அனுமதி கேட்ட கடிதம் நான்கு நிறுவனங்களையும் சுற்றி மூன்றாவது முறையாக ஏணியிடமே திரும்பி வந்தது.

அன்று காலை ஏணி வழக்கம்போல ஏறினாள். கையில் நான்கு கவ்விகளும் ஒரு ஸ்பேனரும் இருந்தன. இருபது நிமிடத்தில் காளானைக் கழற்றி, கம்பத்தின் உச்சியில், அண்டாவும் ஆளும் எட்டாத இடத்தில் மாட்டினாள். யாரிடமும் கேட்கவில்லை. வெறும் குழாயை அக்காவிடமே விட்டுவிட்டாள். அவர் அதன் தலையில் பழைய துணியைச் சுற்றிக்கொண்டார். அன்றிலிருந்து அந்தக் காலனியில் இரண்டு மணிக்கு சிக்னல் போனதே இல்லை.

இரண்டு நாளில் அவளுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. உரிமையாளர் அடையாளம் காணப்படாத பொருளை அனுமதியின்றி இடம் மாற்றியது ஏன்? ஏணி பதில் எழுதினாள்: ‘கீழே இருந்தது. மேலே மாட்டினேன். இப்போது வேலை செய்கிறது.’ விளக்கம் குறைந்தது பன்னிரண்டு பக்கம் இருக்கவேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். அவள் அந்த மூன்று வாக்கியத்தையே பன்னிரண்டு பக்கத்துக்கு ஒட்டி, பக்க எண் போட்டு, பொருளடக்கமும் சேர்த்து அனுப்பினாள். ‘மிக விரிவான விளக்கம், ஏற்கப்பட்டது’ என்று மறுநாளே பதில் வந்தது.

விசாரணை முடிந்தாலும் அதன் வால் ஒன்று மிஞ்சியது. மென்பொருள்காரர் தன்மீது பழி வராமல் இருக்கப் பழைய பதிவுகளைத் தோண்டியபோது, பெட்டி சும்மா இருக்கவில்லை என்று தெரிந்தது. ஆறு வாரமும் பகல் பன்னிரண்டு ஐந்துக்கு, ‘வானம் தெரியவில்லை’ என்று அது ஒழுங்காக எச்சரிக்கை அனுப்பியிருக்கிறது. எச்சரிக்கைகளைப் பிரித்துக் கொடுக்கும் பட்டியலில் காளானின் பெயர் யாருக்கு நேராகவும் இல்லாததால், அவையெல்லாம் ‘இதர’ என்ற அஞ்சல் பெட்டிக்குப் போயிருந்தன. அந்தப் பெட்டியைத் திறந்து படிக்க யாரும் நியமிக்கப்படவில்லை.

அப்டேட் சார் அவளைக் கூப்பிட்டு, அந்தப் பொறுப்பைப் பெருமையோடு அவளிடம் ஒப்படைத்தார். சம்பளம் அதேதான். பதவியின் பெயர் மட்டும் ‘நிலை இரண்டு, இதர’ என்று நீண்டது. ஏணி ஒரு நிபந்தனை வைத்தாள். ஒன்றே முக்கால் மீட்டிங் பட்டியலிலிருந்து தன் பெயரை எடுத்துவிட வேண்டும். அவர் வெகு நேரம் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

‘இதர’ பெட்டியில் படிக்காமல் கிடந்தவை நாலாயிரத்துச் சொச்சம். ஏணி ஒரு தேநீரை வாங்கி வைத்துக்கொண்டு, மிகப் பழையதிலிருந்து ஆரம்பித்தாள். ஊரின் வடக்குக் கோடியில் இருந்த டவர் ஒன்று, தன் மேல்மூடிக்குள் தண்ணீர் இறங்குவதாகப் பதினான்கு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. மணி ஒன்பதுகூட ஆகவில்லை. ஏறும் அனுமதி முடிய இன்னும் நேரம் இருந்தது. தேநீரை அப்படியே வைத்துவிட்டு, பாதுகாப்புப் பட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.